கடல் தெரியுற பாதையும் எங்க ஊர்க் கரடியும்

ஆளுகளை ஊர் சுத்திக் காட்டக் கூட்டிக்கிட்டுப் போறது தொழில் இல்ல, தண்டனை. சொந்தக்காரங்களை ஒரு வேன்ல ஏத்திக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, திரும்பி வரும்போது ஒருத்தர்கூடவும் பேச்சுவார்த்தை இல்லாம வந்து இறங்கியிருக்கியளா? அப்போ நீங்களும் நம்ம கூட்டம்தான். நான் சொல்லப் போறது உங்களுக்கு நல்லா விளங்கும்.

என் பேரு செல்வி. சங்கரன்கோவில்ல இருந்து மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை ஒரு வேன் நிறைய ஆள் ஏத்திக்கிட்டுப் போறேன். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம், மலை கடலுக்குக் கிட்ட வந்து முடியுத இடத்துல, காட்டிலாகா போட்ட ஒரு நடைபாதை இருக்கு. அடிவாரத்துல ஒரு கேட். உள்ள போனா யாரும் நட்டு வளக்காத காடு. வேங்கை, நாங்கு, தான்றின்னு மரம் நெருக்கியடிச்சு நிக்கும், உச்சி வெயில்லயும் தரை ஈரமா இருக்கும். ஏறி முடிச்சா ஒரு பெரிய பாறை. அதுமேல நின்னா கீழ தென்னந்தோப்பு, அதுக்கு அந்தப் பக்கம் உதறின வேட்டி மாதிரி வெள்ளையா அலை, பொறவு கண்ணுக்கு எட்டுத மட்டும் கடல். அவ்வளவுதான். ஒரு டீக்கடைகூடக் கிடையாது.

முன்னால ஒரு டிராவல்ஸ்ல டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கிட்டிருந்தேன். எல்லாரும் அவங்கவங்க போன்லயே போட ஆரம்பிச்சதும் முதலாளி ஷட்டரை இறக்கிட்டாரு. இப்போ என் வீட்டுல அடுப்பு எரியுததும் என் மக காலேஜ் போறதும் இந்த ஒரு பாதையை நம்பித்தான். எனக்கு அனுமதி கொடுத்த வனவர், அதாவது அந்தப் பகுதிக் காட்டைப் பாத்துக்கிடுத அதிகாரி, ஒரே ஒரு விதிதான் சொன்னாரு. "உள்ள எதையும் வைக்கவும் கூடாது, உள்ள இருந்து எதையும் எடுக்கவும் கூடாது. மீறினா அன்னைக்கே கேட்டைப் பூட்டிருவேன்." லேசான விதிதானேன்னு நினைச்சேன். எங்க ஊர் ஆளுகளைப் பத்தி எனக்கு அப்போ அவ்வளவாத் தெரியாது. பொறந்ததுல இருந்து அங்கனதான் இருக்கேன், இருந்தும் தெரியாது.

எதுக்கு ஏறணும்?

முதல் தடவை வேன் கிளம்பி தாழையூத்து தாண்டல, துணிக்கடை ஜெயாக்கா கேள்வியை ஆரம்பிச்சுட்டா. "கடல் பாக்கணும்னா திருச்செந்தூர்ல இறங்கினா கடலுக்குள்ளயே நிக்கலாம்லா? தள்ளி நின்னு பாக்கதுக்கு எதுக்கு மலை ஏறணும்?" நான் பதில் சொன்னேன். அவ திருப்பியும் கேட்டா. வள்ளியூர் வரைக்கும் கேட்டா. வேன் ஓட்டுத கடையநல்லூர் சாகுல் பாய் கண்ணாடி வழியா என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. அவரு சவூதியில ரொம்பக் காலம் டிரெய்லர் ஓட்டிட்டு வந்தவரு. காட்டுக்குள்ள வர மாட்டாரு, வேன்லயே சீட்டைச் சாய்ச்சுப் படுத்துக்கிடுவாரு.

ஜெயாக்கா மூச்சு வாங்க மூச்சு வாங்க ஏறினா. வழியில நிழலுக்கு நின்னா, தண்ணிக்கு நின்னா, என்னை ஏசுததுக்குன்னும் தனியா நின்னா. பாறை மேல ஏறினதும் இடுப்புல கை வச்சுக்கிட்டு அப்படியே பாத்துக்கிட்டு நிக்கா. காத்துல அவ சேலை படபடன்னு அடிக்கு. எனக்குப் பெருமை தாங்கல. "எப்படிக்கா இருக்கு?"ன்னு கேட்டேன். என் பக்கம் திரும்பிச் சொன்னா: "நல்லாத்தான் இருக்கு. ஆனா கால் நனைக்க முடியலையே, செல்வி."

ஒரு நடைக்கு ஆகாது

பனவடலிசத்திரம் மாடசாமி அண்ணாச்சிக்கு வானம் பாத்த பூமி. உளுந்து போடுவாரு, மழை பெஞ்சா எடுப்பாரு, இல்லாட்டி அந்த வருஷத்தைப் பத்திப் பேச மாட்டாரு. மகன் பிறந்தநாள் பரிசுன்னு சொல்லி அவரை என் வேன்ல ஏத்தி விட்டுட்டான். காட்டுக்குள்ள ஓடையில ஓடுத தண்ணியைப் பாத்து நின்னாரு. பாறையில கசியுத தண்ணியைத் தொட்டுப் பாத்தாரு. ஒரு மரத்தடியில மண்ணைக் காலால கிளறி, கீழயும் ஈரம் இருக்கான்னு பாத்தாரு.

உச்சிக்கு வந்ததும் எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. இவரு மட்டும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கடலை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்தாரு. பாத்த பார்வையில கோபம்தான் இருந்துச்சு. நான் கிட்டப் போயி, பிடிக்கலையா அண்ணாச்சின்னேன். "இம்புட்டுத் தண்ணி கெடக்கு. உளுந்துக்கு ஒரு நடை பாய்ச்சதுக்கு ஆகுதா பாரு, எளவு."

ரைட், ரைட்

ராயகிரியில இருந்து ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் வந்தாரு. பாதை குறுகலான பாதை, ஒத்தை வரிசையாத்தான் போகணும். சத்தம் போடாம நடந்தா பறவை பாக்கலாம், கருமந்தி பாக்கலாம்னு நான் கேட்லயே சொல்லித்தான் கூட்டிக்கிட்டுப் போறேன். இவரு வரிசைக்குப் பின்னால நின்னுக்கிட்டு, "முன்னால இடம் கெடக்குல்லா, போங்க, போங்க, நடுவுல நிக்காதிய"ன்னு ஒரே சத்தம். காட்டுல இருந்த அத்தனை ஜீவனும் அன்னைக்குக் கேரளாவுக்குப் போயிருக்கும்.

உச்சியில எல்லாரும் கடலைப் பாத்து லயிச்சு நிக்காங்க. எனக்கே மனசு லேசா ஆகி வந்த நேரம், பின்னால இருந்து குரல்: "பாத்த ஆளெல்லாம் இறங்குங்க, பாக்காத ஆளு ஏறணும்."

வீடியோ கால்

கடையநல்லூர் ஆயிஷா, சாகுல் பாய்க்குச் சொந்தக்காரப் பொண்ணு. மாப்பிள்ளை துபாய்ல இருக்காரு. கல்யாணம் முடிஞ்சு அவரு வீட்டுல இருந்த நாளைவிட போன்ல இருந்த நாள்தான் அதிகம். பாறைக்கு வந்ததும் அவ கேட்ட முதல் கேள்வி, "துபாய் எந்தப் பக்கம்?" நான் ஒரு குத்துமதிப்பா மேற்க கையைக் காட்டினேன். அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிட்டு வீடியோ கால் போட்டா. அந்த உச்சியில டவர் நல்லாக் கிடைக்கும். கீழ கேட்ல கிடைக்காது.

போனைக் கடலுக்கு நேராப் பிடிச்சா. "பாத்தியளா? இந்தக் கடலுக்கு அந்தக் கரையிலதான நீங்க இருக்கிய? நான் இந்தக் கரையில இருக்கேன்." சுத்தி நின்ன நாங்களும் முகத்தைத் திருப்பிக்கிட்டோம். எனக்குக் கண்ணு கலங்கிட்டு, சும்மா சொல்லக் கூடாது. மாப்பிள்ளை கேட்டாரு: "அதெல்லாம் சரி, கேஸை அணைச்சுட்டுத்தான வந்த?"

ஒரு சிட்டிகைதான

பாதையில பாதி ஏறினதும் ஒரு வளைவு வரும். மரத்துக்கு நடுவுல முதல் தடவையாக் கடல் ஒரு கீத்துத் தெரியுத இடம். அந்த வளைவுல பாதையை ஒட்டி ஆள் உசரத்துக்கு ஒரு கரையான் புத்து. எல்லாரும் அங்கன நின்னாங்க. கடலைப் பாக்கத்தான் நிக்காங்கன்னு நினைச்சு, கிறுக்கி நான் சந்தோஷப்பட்டேன்.

வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க ஊர்க் கோயில்ல புத்துமண்ணுதான் பிரசாதம். நெத்தியில பூசுவோம், துளி வாயில போடுவோம், தேமல் சொறி சிரங்குக்குக் குழைச்சுத் தடவுவோம். அதனால எங்க ஆளுகளுக்குப் புத்தைக் கண்டா கை தானா நீளும். கன்னத்துல போட்டுக்கிட்டு, ஒரு சிட்டிகை கிள்ளி நெத்தியில வச்சு, மிச்சத்தை முந்தியில முடிஞ்சுக்கிடுவாங்க. நான் கத்தினேன். கும்பிட்டுக் கேட்டேன். என் பிழைப்புல மண்ணைப் போடாதியன்னு அழாத குறையாச் சொன்னேன். "ஒரு சிட்டிகைதான, செல்வி"ம்பாங்க. வேன் நிறைய ஆள், ஆளுக்கு ஒரு சிட்டிகை, மாசத்துக்கு ரெண்டு தடவை. ஒரு வருஷத்துல புத்தோட இடுப்புல ரெண்டு கையும் உள்ள போற அளவுக்குப் பள்ளம் விழுந்துட்டு.

ஒரு நாள் ஒரு காலேஜ் வாத்தியார் வந்தாரு. சாமி இல்ல, பூதம் இல்லன்னு வேன் முழுக்கப் பேசிக்கிட்டு வந்தாரு. அப்பாடான்னு அவரையே புத்துக்குக் காவல் நிறுத்திட்டு நான் முன்னால போனேன். திரும்பி வந்து பாத்தா மனுஷன் கைக்குட்டையில பொட்டலம் மடிச்சுக்கிட்டு இருக்காரு. என்னைப் பாத்ததும் கொஞ்சம்கூடக் கூசாமச் சொன்னாரு: "எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாதும்மா. இது வீட்டுக்காரிக்கு."

வராத கரடி

ஒரு புதன்கிழமை வனவர் போன் பண்ணினாரு. "மேடம், இனிமே ஆள் கூட்டிட்டு வராதீங்க. பாதையை மூடிட்டோம்." "சார், அந்தப் புத்து..."ன்னு இழுத்தேன். "ஆமா, புத்துதான். உங்களுக்கும் தெரிஞ்சு போச்சா? கரடி தோண்டியிருக்கு. கரையான் திங்க வரும். நகம் பதிஞ்சது அவ்வளவு தெளிவா இருக்கு" அப்படின்னாரு.

அந்த நகம் துணிக்கடை ஜெயாக்காவோடது. அதை நான் சொல்லல. எப்போ சார் திறப்பீங்கன்னு மட்டும் கேட்டேன். கரடி அந்தப் பக்கத்தை விட்டுப் போனதும் திறக்கலாம்னு சொல்லி போனை வச்சுட்டாரு. சந்தோஷப்படவா, அழவான்னு தெரியல. உண்மையைச் சொன்னா எங்க ஆளுகளால நிரந்தரமாப் பூட்டிருவாங்க. சொல்லாட்டி கரடி போற வரைக்கும் பூட்டித்தான் இருக்கும். சாகுல் பாய்கிட்டச் சொல்லிப் புலம்பினேன். அவரு ஸ்டியரிங்ல கை வச்சபடியே நிதானமாக் கேட்டாரு: "வராத கரடி எப்படித் தங்கச்சி போகும்?"

உண்மை விளம்பி

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடல. அடுத்த வருஷம் மகளைக் காலேஜ்ல சேக்கணும், கையில காசு வேற இல்ல. வாரது வரட்டும்னு பஸ் ஏறி வனவர் ஆபீஸுக்கே போனேன். "சார், அது கரடி இல்ல. எங்க ஊர் ஆளுக"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன்.

அவரு நம்பல. சிரிச்சாரு. பக்கத்துல நின்ன வாட்சரைக் கூப்பிட்டு என்னைத் திருப்பியும் சொல்லச் சொன்னாரு. வாட்சரும் சிரிச்சாரு. வனவர் கரடின்னு ஏற்கனவே மேல எழுதி அனுப்பிட்டாராம். எச்சமோ கால்தடமோ ஒண்ணும் கிடைக்கலைங்கறது மட்டும் அவருக்கும் உறுத்திக்கிட்டிருந்துச்சு. "மனுஷன் கிள்ளி இவ்வளவு பெரிய பள்ளம் விழுமா? சங்கரன்கோவில்ல சாப்பிட வேற ஒண்ணும் கிடைக்காதாம்மா?"ன்னு கேட்டாரு. அந்த மண்ணையும் நாங்க சாப்பிடுவோம்னு சொன்னேன். அதோட சிரிப்பு நின்னுட்டு. "வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு வேன் ஆள் கூட்டிட்டு வாங்க. யூனிபார்ம் இல்லாம நானும் கூட நடக்கேன். கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

கை கட்டி நின்னவங்க

இதுவரைக்கும் கிள்ளாதிய, கிள்ளாதியன்னு கத்தின நான், அந்த ஞாயித்துக்கிழமை யாராவது கிள்ளுங்களேன்னு வேண்டிக்கிட்டுப் போனேன். கிள்ளலைன்னா கரடி. கிள்ளினா அவரு என்ன செய்வாருன்னு தெரியாது. தலைக்கு மேல வெள்ளம் போனப்பொறவு சாண் என்ன, முழம் என்ன. வனவர் லுங்கியும் பனியனுமா, கழுத்துல ஒரு துண்டோட வரிசையில கடைசிக்கு முந்தின ஆளா வந்தாரு. அவருக்குப் பின்னால மாடசாமி அண்ணாச்சி.

வளைவு வந்துச்சு. புத்து வந்துச்சு. ஒருத்தர் கையும் நீளல! எல்லாரும் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, ஹெட்மாஸ்டர் ரூமைத் தாண்டிப் போற பிள்ளைக மாதிரி புத்தைத் தாண்டிப் போறாங்க. ஜெயாக்கா என் காதுல வந்து சொன்னா: "நம்மளாலதான பூட்டிட்டாங்க, செல்வி பாவம்னு நீ வரும் முன்னாலயே வேன்ல எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்." அவளைக் கட்டிப்பிடிச்சு அழணும்னும் இருந்துச்சு, குரல்வளையைப் பிடிக்கணும்னும் இருந்துச்சு. இத்தனை நாளும் என் பேச்சைக் கேக்காத பயலுக இன்னைக்கா கேக்கணும்?

வனவர் என்னைப் பாத்தாரு. "கரடிதான் மேடம்"னு அந்தப் பார்வையே சொல்லிட்டு. நான் தலையைத் தொங்கப் போட்டேன். அப்போ மாடசாமி அண்ணாச்சி முன்னால போன ஆளுக வளைவைத் தாண்டுததை எட்டிப் பாத்துட்டு, வனவர் தோளைத் தொட்டாரு: "தம்பி, ஒரு நிமிஷம் அங்கிட்டுத் திரும்பிக் கடலைப் பாருங்களேன்."

வைக்கவும் கூடாது

வனவர் பாவம், சொன்னபடி திரும்பிக் கடலைப் பாத்தாரு. அண்ணாச்சி ஒரு பிடி எடுத்துத் துண்டுல முடிஞ்சாரு. வனவர் திரும்பி, எதுக்குங்க அதுன்னு கேட்டாரு. "வீட்டுல அவளுக்குக் கையெல்லாம் தடிப்பு. டாக்டர் மருந்தும் போடுதோம். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது." அப்பத்தான் வனவர் தான் யாருன்னு சொன்னாரு. அண்ணாச்சி பதறிப்போயி, முடிஞ்ச மண்ணை அவுத்துப் பள்ளத்துல கொட்டி, ரெண்டு தட்டுத் தட்டி, "வச்சாச்சு சார்"ன்னாரு. "வைக்கவும் கூடாதுங்க"ன்னாரு வனவர்.

பொறவு என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "உள்ளதை எழுதினா மேல இருந்து இந்தப் பாதையைத் திறக்கவே விட மாட்டாங்க. கரடின்னே இருந்தா, மழை முடிஞ்சதும் ஒரு எச்சரிக்கை போர்டு வச்சுத் திறக்கலாம். இந்தக் காட்டுல கரடி இல்லாமலும் இல்ல. இந்தப் புத்துக்கு வரலை, அவ்வளவுதான். என்ன செய்யட்டும்?" உண்மையைச் சொல்ல பஸ் ஏறிப் போனவ நான். ஒரு நொடிகூட யோசிக்கல, கரடியே இருக்கட்டும் சார்ன்னுட்டேன். அது அண்ணாச்சி காதுல விழுந்துட்டு. "கரடியா! ஏம்மா, இம்புட்டு நாளும் கரடி கெடக்குத காட்டுக்குள்ளயா எங்களைக் கூட்டிட்டு வந்த?"

போர்டு

மழை முடிஞ்சு கேட்டைத் திறந்தாங்க. வளைவுல, புத்துக்குப் பக்கத்துலயே, கரடி படம் போட்டு ஒரு போர்டு. 'கரடி நடமாடும் பகுதி. இங்கே நிற்காதீர்கள்.' ஆள் வராம என் பிழைப்பு படுத்துருமோன்னு பயந்தேன். வேன் போதல. கரடி வந்த பாதைன்னு ஊர் முழுக்கப் பரவி, முன்னால வராதவங்களும் வந்தாங்க. ஆனா வளைவுல ஒருத்தரும் நிக்கல. புத்தை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு ஓட்டமும் நடையுமாத் தாண்டினாங்க. கரையான் அது பாட்டுக்கு வேலையைப் பாத்துச்சு. கொஞ்சம் கொஞ்சமாப் பள்ளம் தூந்து, இடுப்பு வளந்து, புத்து முழுசா நின்னுச்சு. என் மக காலேஜ்ல சேந்த வாரம் அந்தப் புத்துக்கு முன்னால தனியா நின்னேன். அவ்வளவு நிம்மதியா நான் என் வாழ்க்கையில நின்னதில்ல.

அடுத்த தடவை போறேன், போர்டுல இருக்குத கரடி நெத்தியில குங்குமம். மேல கம்பியில ஒரு முழம் கதம்பம். போர்டுக்கு முன்னால ஜெயாக்கா கண்ணை மூடிக் கன்னத்துல போட்டுக்கிட்டு நிக்கா. "நம்மளை ஒண்ணும் செய்யாம இருக்கணும்லா?"ங்கா. போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். முந்தியை எடுத்துத் துடைக்கப் போனா, பின்னால வனவர் நிக்காரு. யூனிபார்ம்ல. போர்டைப் பாத்தாரு. புத்தைப் பாத்தாரு. கிட்டப் போயி, முன்னால பள்ளம் இருந்த இடத்தை நல்லாக் குனிஞ்சு பாத்தாரு. நிமிந்து, தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டுச் சொன்னாரு: "விடும்மா. போர்டு ஆபீஸ் சாமான், அது காடு இல்ல."

எங்க ஊர் ஆளுகளைக் கும்பிடாம நிறுத்த யாராலயும் முடியாது, கும்பிடுத இடத்தை வேணும்னா ரெண்டு அடி தள்ளி வைக்கலாம், அதுக்குப் பேருதான் நான் பாக்குத தொழில்.